பூட்டுவது எளிது, திறப்பது அரிது: கார்க் கதவுப் பூட்டின் கதை

எங்கள் ஊர் திருவாலங்காடு. நடராசரின் ஐந்து சபைகளில் ரத்தின சபை இருக்கும் ஊர், காரைக்கால் அம்மையார் வந்து தங்கிப் பாடிய ஊர் என்று சொன்னால் பலருக்கும் தெரியும். சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் ஸ்டேஷன் பலகையிலாவது பார்த்திருப்பீர்கள். இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு கார் பூட்டைப் பற்றி எதற்குக் கட்டுரை என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பா தன் பழைய காரில் எங்களைக் கோயிலுக்கு அழைத்து வந்தார். அவர் இரண்டாவது கையாக வாங்கிய கார் அது. ஆயாவுக்கு முழங்கால் வலி. "நீங்க போய் அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கினு வாங்க, அதுக்கப்புறம் நான் இறங்கறேன்" என்று பின்சீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். வண்டியில் பைகள் இருந்ததால் சித்தப்பா கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, டிரைவர் பக்கக் கதவில் சாவியைப் போட்டுத் திருப்பினார். டக் என்று ஒரே சத்தத்தில் நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. இரண்டு நிமிட வேலைதானே என்று நினைத்தோம். கடையில் கூட்டம். கால் மணி நேரம் ஆகிவிட்டது.

திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் டிரைவர் கதவு மட்டும் திறந்தது. மற்ற மூன்றும் அசையவில்லை. உள்ளே ஆயா முகமெல்லாம் வேர்த்து, கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்துக் களைத்துப் போயிருந்தார். சித்தப்பா முன்சீட்டின் மேல் ஏறிக் குனிந்து பின்கதவின் குமிழைக் கையால் தூக்கினார். அப்போதும் உள்ளிருந்து திறக்கவில்லை. நான் வெளியிலிருந்து இழுத்த பிறகுதான் கதவு திறந்தது. தண்ணீர் கொடுத்து மரத்தடியில் உட்கார வைத்தோம். மூச்சு சீரானதும் ஆயா சொன்னது இதுதான்: "நீலி கதையிலயும் இப்படித்தாண்டா, உள்ள இருக்கறவன் கத்தறது யாருக்கும் கேக்கல."

அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. பூட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் திருடனைப் பற்றியே பேசுகிறோம். உள்ளே இருப்பவரைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

பழையனூரில் ஒரு கதவு

நீலி கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருவாலங்காட்டை ஒட்டி இருக்கும் ஊர் பழையனூர். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட ஒரு பெண் பேயாகி, மறுபிறவியில் வணிகனாகப் பிறந்திருந்த அவனைப் பழிவாங்கத் தொடர்ந்து வருகிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இவர் என் கணவர், என்னைக் கைவிடப் பார்க்கிறார்" என்று பழையனூர் வேளாளர் 70 பேரிடம் முறையிடுகிறாள். வணிகனோ, இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள் என்று கதறுகிறான். அவன் பேச்சை அவர்கள் நம்பவில்லை. "உன் உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் 70 பேர் உயிரையும் தருகிறோம்" என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஓர் இடத்தில் தங்க வைக்கிறார்கள். அவன் கையில் காவலாக இருந்த வாளையும் வாங்கிக்கொள்கிறார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல் தவறாமல் 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தக் கதையின் குறிப்பு உண்டு. அவர்கள் தீயில் இறங்கியதன் நினைவிடம் இன்றும் இங்கே இருக்கிறது. வாக்குத் தவறாமைக்கு எடுத்துக்காட்டாகத்தான் பெரியவர்கள் இதைச் சொல்வார்கள். எனக்கு இப்போது வேறொன்று தோன்றுகிறது. அந்த 70 பேரும் கெட்டவர்கள் அல்ல. பாதுகாப்பு என்று நினைத்துத்தான் கதவைச் சாத்தினார்கள். தவறு எங்கே நடந்தது? உள்ளே இருப்பவன் தானாக வெளியே வர வழி இருக்கிறதா என்று ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

தாழ்ப்பாளும் பூட்டும்

நம் வீடுகளில் கதவை அடைக்க இரண்டு வழி உண்டு. ஒன்று தாழ்ப்பாள். அது உள்பக்கம் இருக்கும். உள்ளே இருப்பவர்தான் போடுவார், அவரே எடுப்பார். இன்னொன்று பூட்டு. அது வெளியே தொங்கும். வீட்டில் யாரும் இல்லாதபோது போடுவது. திண்டுக்கல் பூட்டு தெரியாத தமிழர் இருக்க முடியாது. மாங்காய் வடிவில் செய்யும் மாங்காய்ப் பூட்டு அதில் பேர்போனது. 2019ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. எவ்வளவு கெட்டியான பூட்டாக இருந்தாலும் அதில் ஆபத்து இல்லை. ஏனென்றால் பூட்டு தொங்கும் வீட்டுக்குள் ஆள் இல்லை.

(இடையில் ஒரு சின்னத் தகவல். திறவுகோல், தாழ்க்கோல் என்று நமக்குச் சொந்தச் சொற்கள் இருந்தும், தினமும் நாம் சொல்லும் 'சாவி' போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த சொல்!)

கார் இந்த இரண்டு வழக்கத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டது. ஆள் உள்ளே இருக்கும்போதே வெளியிலிருந்து பூட்டலாம். ஒருவர் கையில் இருக்கும் சாவி, மற்ற எல்லோருடைய கதவையும் சேர்த்துப் பூட்டும். தாழ்ப்பாள் உள்ளே இருப்பவர் கையை விட்டு வெளியே போய்விட்டது. இது எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

1914 முதல் 1982 வரை

ஆரம்ப காலக் கார்கள் பெரும்பாலும் திறந்த வண்டிகள். குதிரை வண்டியில் குதிரையை எடுத்துவிட்டு எஞ்சினை வைத்தது போல இருக்கும். கூரையே இல்லாத வண்டிக்குக் கதவைப் பூட்டி என்ன பயன்? 1920களில் கூரையும் கண்ணாடியும் கொண்ட மூடிய கார்கள் பெருகிய பிறகுதான் கதவுப் பூட்டு அவசியமானது.

மின்சாரத்தால் பூட்டும் யோசனை அதற்கும் முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ்-பூத் என்ற நிறுவனம் 1914ல் தன் சொகுசுக் காரில் மின்பூட்டு வைத்தது. ஆனால் அது பரவவில்லை. 1956ல் பேக்கார்டு நிறுவனம் மறுபடியும் கொண்டுவந்த பிறகுதான் மற்றவர்களும் பின்பற்றத் தொடங்கினார்கள். 1970களிலும் 80களிலும் மெர்சிடிஸ்-பென்ஸ் வேறு ஒரு வழியில் போனது. மின்மோட்டாருக்குப் பதில் மெல்லிய குழாய்கள் வழியாகக் காற்றை உறிஞ்சி, அந்த வெற்றிடத்தின் இழுப்பால் பூட்டை இயக்கியது. குழாயில் எங்காவது காற்று கசிந்தால் பூட்டு சோம்பேறியாகிவிடும்.

அடுத்த பெரிய படி பிரான்சில். ரெனோ ஃபுயேகோ காரில் 1982ல் ரிமோட் பூட்டு வந்தது. அதை உருவாக்கியவர் பால் லிப்ஷூட்ஸ். அவர் பெயரைச் சுருக்கித்தான் பிரான்சில் இன்றும் கார் ரிமோட்டை 'பிளிப்' என்கிறார்கள்.

தூரத்தில் நின்று கதவைத் திறப்பது நமக்குப் புதிதா என்ன? வேதாரண்யம் கோயில் கதவை நினைத்துப் பாருங்கள். வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கதவைத் திறக்க அப்பர் பாடுகிறார். பதிகம் முழுவதும் பாடும் வரை கதவு தாமதிக்கிறது. பிறகு அதை அடைக்கச் சம்பந்தர் பாடுகிறார். முதல் பாட்டிலேயே அடைத்துக்கொள்கிறது! பெரியபுராணம் சொல்லும் இந்த நிகழ்ச்சிக்குப் பெரியவர்கள் ஆயிரம் தத்துவம் சொல்வார்கள். எங்கள் காரைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பூட்டுவது எப்போதும் எளிது, திறப்பதுதான் அரிது.

நம் ஊருக்கு வந்த சென்ட்ரல் லாக்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் ஒவ்வொரு கதவையும் கையால்தான் பூட்ட வேண்டும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800ன் சாதாரண மாடலிலும் அப்படித்தான். டிரைவர் இறங்கிய பிறகு, "பின்னாடி லாக் பண்ணியாச்சா?" என்று கேட்பது அந்தக் காலத்து வழக்கம்.

1998 நமக்கு முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டில்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. அதே ஆண்டில் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, திருவள்ளூருக்கு அருகில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் வந்தது. (பிறகு இந்த ஆலை சிட்ரோயன் கைக்கு மாறி, 2021 முதல் அந்தக் கார்கள் வருகின்றன.) இந்தத் தலைமுறைக் கார்கள் வந்த பிறகுதான் சென்ட்ரல் லாக் என்ற சொல் நடுத்தரக் குடும்பங்களின் பேச்சில் நுழைந்தது. கம்பெனி பொருத்தாத கார்களுக்கு உபகரணக் கடைகளில் தனியாக வாங்கி மாட்டிக்கொண்டார்கள்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

கதவின் தகட்டுக்குள் ஒரு சின்ன மோட்டார். அதோடு பல்சக்கரம். அதிலிருந்து ஒரு கம்பி பூட்டின் நெம்புகோலுக்குப் போகும். மோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் கம்பி கீழே இறங்கிப் பூட்டும், மறுபக்கம் சுற்றினால் மேலே ஏறித் திறக்கும். இரண்டே வயர்தான். அவற்றில் 12 வோல்ட் மின்சாரத்தை எந்தத் திசையில் அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்துப் பூட்டுவதா திறப்பதா என்பது தீர்மானமாகும். மின்சாரம் ஒரு நொடியோ அதற்கும் குறைவாகவோதான் போகும். அந்த ஒரு நொடிச் சத்தம்தான் நாம் கேட்கும் 'டக்'.

பழைய மாதிரி சென்ட்ரல் லாக்கில் டிரைவர் கதவின் மோட்டாரில் மட்டும் 5 வயர் இருக்கும். இரண்டு மோட்டாருக்கு. மீதி மூன்று, உள்ளே இருக்கும் ஸ்விட்சுக்கு. நாம் சாவியைத் திருப்பும்போது அந்த ஸ்விட்ச், டேஷ்போர்டின் கீழே இருக்கும் கண்ட்ரோல் பெட்டிக்கு "எல்லோரையும் பூட்டு" அல்லது "எல்லோரையும் திற" என்று செய்தி அனுப்பும். அதாவது டிரைவர் கதவு முதலாளி, மற்ற மூன்றும் வேலையாட்கள். முதலாளி பேசாவிட்டால் வேலையாட்கள் அசைய மாட்டார்கள்.

எலக்ட்ரீஷியன் கண்டுபிடித்தது எப்படி?

மறுநாள் காரைத் திருத்தணியில் ஒரு கார் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனோம். நான்கு மோட்டாரையும் மாற்றச் சொல்வார் என்று பயந்துகொண்டே போன சித்தப்பாவுக்கு ஆச்சரியம். அவர் முதலில் எந்தக் கருவியையும் தொடவில்லை. "திருப்புங்க" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு கதவிலும் காதை வைத்துக் கேட்டார். அவர் யோசித்த முறையை அப்படியே எழுதுகிறேன். யாருக்காவது பயன்படும்.

முதல் கேள்வி: எத்தனை கதவு வேலை செய்யவில்லை? நான்கும் செத்திருந்தால் கோளாறு பொதுவான இடத்தில் இருக்கும். ஃபியூஸ், பாடியோடு சேரும் எர்த் வயர், கண்ட்ரோல் பெட்டி இவற்றைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு கதவு என்றால் அந்தக் கதவின் வயரோ மோட்டாரோதான் காரணம்.

இரண்டாவது கேள்வி: சத்தம் வருகிறதா? சத்தமே இல்லை என்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது மோட்டார் போய்விட்டது. சத்தம் வந்தும் குமிழ் அசையவில்லை என்றால் பல்சக்கரம் தேய்ந்திருக்கும், அல்லது கம்பி கழன்றிருக்கும். ஈனமான சத்தம் என்றால் பழைய கிரீஸ் இறுகிப் பூட்டே கனத்துப்போயிருக்கலாம். அதற்குக் கம்பியைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். கைக்கே கனமாக இருந்தால் பாவம், மோட்டாரைக் குறை சொல்லக்கூடாது.

மூன்றாவது கேள்வி: பூட்டவில்லையா, திறக்கவில்லையா, இரண்டுமா? பூட்டிய உடனே தானாகத் திறந்துகொண்டால் டிரைவர் கதவின் ஸ்விட்சைச் சந்தேகிக்க வேண்டும்.

எங்கள் காரில் பூட்டும்போது நான்கு கதவும் ஒழுங்காகப் பூட்டின. அப்படியானால் நான்கு மோட்டாரும் நன்றாகவே இருக்கின்றன, ஃபியூஸும் நன்றாக இருக்கிறது. திறக்கும்போது டிரைவர் கதவு சாவியின் இழுப்பிலேயே திறந்துவிடுகிறது, மற்றவற்றில் சத்தமே இல்லை. ஆக, "திற" என்ற செய்தி பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை. அவர் கண்ட்ரோல் பெட்டியில் "திற" வயர் சேரும் இடத்தை எர்த்தோடு ஒரு நொடி தொட்டுப் பார்த்தார். மூன்று கதவும் டக் என்று திறந்தன! (எல்லாக் கார்களிலும் இப்படிச் செய்யக்கூடாது, வயரிங் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.) இனி பார்க்க வேண்டியது ஓர் இடம்தான். கதவுக்கும் வண்டியின் தூணுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் இருக்குமே, அதைப் பின்னுக்குத் தள்ளினார். உள்ளே ஒரு வயர் அறுந்து கிடந்தது. ஆண்டுக்கணக்கில் கதவைத் திறந்து மூடும்போது அந்த இடத்தில்தான் வயர்கள் மடங்கி மடங்கி நிமிர்கின்றன. ஒருநாள் விட்டுப்போகும்.

பக்கத்தில் இருந்த "பூட்டு" வயர் அப்படியே நன்றாக இருந்தது. "திற" என்று சொல்லும் வயர் மட்டும் அறுந்திருந்தது. வேதாரண்யம் கதை ஞாபகம் வந்ததா? எனக்கு வந்தது.

அப்படியும் ஒரு கேள்வி மிச்சம். குமிழைத் தூக்கிய பிறகும் ஆயாவால் ஏன் உள்ளிருந்து திறக்க முடியவில்லை? எலக்ட்ரீஷியன் பின்கதவைத் திறந்து அதன் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன நெம்புகோலைக் காட்டினார். சைல்டு லாக். ஓடும் வண்டியில் குழந்தைகள் கதவைத் திறந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. அது போட்டிருந்தால் உள்கைப்பிடி வெறும் அலங்காரம். எப்போதோ பழைய உரிமையாளர் போட்டது. வாங்கிய நாளிலிருந்து நாங்கள் யாரும் பார்க்கவில்லை. கண்ணாடியை இறக்கலாம் என்றால் அதற்கும் சாவி வேண்டும். சாவியோ சித்தப்பா சட்டைப் பையில்.

இழப்புக்குப் பிறகு வரும் சட்டம்

எங்களுக்குக் கால் மணி நேரத்தோடு போயிற்று. எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் கதவைத் திறக்க முடியாமல் மூச்சுத் திணறி இறந்தார்கள். தமிழ்நாடே அன்று கலங்கியது.

மூடிய கார் எவ்வளவு வேகமாகச் சூடேறும் தெரியுமா? 2005ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் எங்கள் திருத்தணி வெயிலோடு இதைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1998 கோடையில் அமெரிக்காவில் சில வாரங்களுக்குள் 11 குழந்தைகள் கார் டிக்கிக்குள் மாட்டி இறந்தார்கள். அதன் பிறகுதான், 2001 செப்டம்பர் முதல் தயாராகும் கார்களின் டிக்கியை உள்ளிருந்தே திறக்கக் கைப்பிடி வேண்டும் என்று அங்கே விதி வந்தது. நம் நாட்டில் 2019 ஜூலை 1 முக்கியமான நாள். ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை ஆகியவற்றோடு, சென்ட்ரல் லாக் மின்சாரம் இல்லாமல் போனாலும் கையால் திறக்கும் வசதி இருக்க வேண்டும் என்பதும் அன்று முதல் தயாராகும் கார்களுக்குக் கட்டாயமானது. வாடகைக் கார்களில் சைல்டு லாக் கூடாது என்ற விதியும் அதே நாளில் நடைமுறைக்கு வந்தது. காரணம், பெண் பயணிகளின் பாதுகாப்பு. குழந்தையைக் காக்க வைத்த பூட்டே, கெட்டவன் ஓட்டும் வண்டியில் ஒரு பெண்ணைச் சிறை வைத்துவிடும் அல்லவா? பழையனூர் வணிகனின் நிலைதான் அது. யாரோடு அடைபட்டிருக்கிறோம் என்பது உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே திறக்கும் உரிமையும் அவரிடம் இருக்க வேண்டும்.

ஆனால் 2019க்கு முன் வந்த கார்கள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன. சட்டம் பழைய வண்டிக்குள் தானாக ஏறி உட்காராது. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து நிமிட வேலை

பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். வெளியே சாவியோடு ஒருவர் நிற்கட்டும். நீங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து கதவைப் பூட்டச் சொல்லுங்கள். பிறகு நீங்களாக வெளியே வர முடிகிறதா என்று ஒவ்வொரு கதவாகப் பாருங்கள். பின்கதவுகளில் சைல்டு லாக் போட்டிருக்கிறதா என்று பார்த்து, குழந்தை இல்லாத வீடானால் எடுத்துவிடுங்கள். குழந்தை இருந்தால், முன்சீட்டுக்கு ஏறி வந்து முன்கதவைத் திறக்கவும், ஹாரனை விடாமல் அழுத்தவும் சொல்லிக் கொடுங்கள். பெரும்பாலான கார்களில் சாவி இல்லாமலே ஹாரன் அடிக்கும். உங்கள் காரில் அடிக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். சும்மா நிற்கும் காரை எப்போதும் பூட்டியே வையுங்கள், சாவியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். எவ்வளவு சின்ன வேலையானாலும் குழந்தையையோ வயதானவரையோ காரில் விட்டுப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

சித்தப்பா வயரை ஒட்ட வைத்துவிட்டார். சைல்டு லாக்கையும் எடுத்தாயிற்று. போன வாரம் மறுபடி கோயிலுக்குப் போனபோது, இறங்குவதற்கு முன் ஆயா தானே கைப்பிடியை இழுத்துக் கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார். "சரியா கீதுடா" என்றார். பிறகுதான் இறங்கினார்.